பணம் எங்கே பிறக்குதுன்னு தெரியாம கடனைப் பத்தி மேடையில பேசலாமா தோழர்களே?



இது போராட்ட அறிவிப்பு இல்லை, கண்டன அறிக்கையும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ ஆறுற நேரம் ஒதுக்கிப் படிங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க ஊர் வங்கியில ஒருத்தர் 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்குறார். அந்த 20 லட்சம் எங்கிருந்து வந்துச்சு?

"வேற யாரோ போட்ட டெபாசிட்டை எடுத்துக் கொடுக்குறாங்க, அவங்களுக்குக் கம்மி வட்டி, இவர்கிட்ட அதிக வட்டி, நடுவுல வங்கிக்கு லாபம்." நம்மில் பெரும்பாலானவங்க இப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

2014-இல் இங்கிலாந்தின் மத்திய வங்கி தன்னோட காலாண்டு இதழில் ஒரு கட்டுரை போட்டது. வங்கிகள் டெபாசிட்டை வாங்கி அப்படியே கடனாக் கொடுப்பதில்லை, கடன் கொடுக்கும் செயலிலேயே புது டெபாசிட் உருவாகுதுன்னு அதுல தெளிவா எழுதியிருந்தாங்க. பிரிட்டனில் மக்கள் கையில இருக்கிற பணத்துல 97 சதவீதம் வங்கிக் கணக்குல இருக்கிற எண்கள்தான், நோட்டும் நாணயமும் வெறும் 3 சதவீதம்னும் சொன்னாங்க. இதைச் சொன்னது ஏதோ புரட்சிக் குழு இல்லை. மத்திய வங்கியே சொன்னது. பொதுமக்களுக்குப் புரியணும்னு சின்ன வீடியோவாவும் இணையத்துல போட்டாங்க. இன்னைக்கும் இலவசமாப் பார்க்கலாம்.

கணக்கு இவ்வளவுதான். கடன் கையெழுத்தானதும் வங்கி ரெண்டு வரி எழுதுது. ஒரு பக்கம், "இவர் நமக்கு 20 லட்சம் தரணும்." மறுபக்கம், "இவர் கணக்குல 20 லட்சம் இருக்கு." பக்கத்துத் தெரு பாட்டி போட்டு வெச்ச டெபாசிட்ல ஒரு ரூபாய் குறையல. ஆனா நாட்டுல 20 லட்சம் புதுசாப் பிறந்திருக்கு. அவர் மாசாமாசம் அசலைக் கட்டக் கட்ட அந்தப் பணம் அழிஞ்சுக்கிட்டே வரும்.

"அப்போ வங்கிக்காரன் இஷ்டத்துக்கு எண்ணை ஏத்திக்கிட்டே போகலாமே?" முடியாது. அந்த 20 லட்சம் வீட்டை வித்தவரோட கணக்குக்கு, வேற வங்கிக்குப் போகும். அப்போ ரெண்டு வங்கிக்கும் நடுவுல ரிசர்வ் வங்கியில இருக்கிற கணக்கு மூலமாத் தீர்த்துக் கட்டணும். அதுக்காகத்தான் வங்கிகள் டெபாசிட்டுக்கு இப்படி அலையுது. சொந்த மூலதனம் இவ்வளவு இருக்கணும்னு விதி இருக்கு. ரிசர்வ் வங்கி வட்டியை ஏத்தினா கடன் வாங்க ஆள் வர மாட்டாங்க. கொடுத்த கடன் திரும்ப வரலைன்னா வங்கியே முழுகிடும். கயிறு இருக்கு, ஆனா கயிறு நீளமானது.

இது தெரியாதவங்க நாம மட்டும் இல்லை. 2017-இல் பிரிட்டனில் எம்.பி.க்கள்கிட்ட ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தாங்க. வங்கி கடன் கொடுக்கும்போது புதுப் பணம் பிறக்குது, திருப்பிக் கட்டும்போது அழியுதுங்கிற உண்மை 15 சதவீதம் பேருக்குத்தான் தெரிஞ்சிருந்தது. பட்ஜெட்டுக்குக் கை தூக்குறவங்களோட நிலைமை அது. அந்த நாட்டு நாடாளுமன்றத்துல பணம் எப்படி உருவாகுதுங்கிறதையே தலைப்பா வெச்சு 2014 நவம்பரில் ஒரு விவாதம் நடந்தது. சுமார் 170 வருஷத்துல அதுதான் முதல் முறைன்னு அப்போ பேசிக்கிட்டாங்க.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?

நாம மேடைக்கு மேடை பேசுறது கடனைப் பத்திதான். மாநிலக் கடன், விவசாயக் கடன், மகளிர் குழுக் கடன், கந்துவட்டி. ஆனா "எவ்வளவு கடன்" என்பதோட நின்னுடுறோம். எதுக்குக் கொடுத்த கடன், அந்தப் பணம் பிறந்து எங்கே போச்சு என்பதைக் கேட்கிறதில்லை. ஒரு வங்கி 20 லட்சத்தைப் புதுசா உருவாக்கி ஒரு பட்டறைக்குக் கொடுத்தா அங்க நாலு பேருக்கு வேலை, சந்தைக்குச் சரக்கு. அதே 20 லட்சத்தை ஏற்கெனவே இருக்கிற ஒரு மனையைக் கை மாத்துறதுக்குக் கொடுத்தா? மனை ஒரு சதுர அடி கூடப் பெருசாகல. விலை மட்டும் ஏறிடுச்சு. அடுத்து வாங்க வர்ற சம்பளக்காரர் இன்னும் பெரிய கடன் வாங்கணும். வீட்டு மனை விலை ஏன் இப்படி ஏறுதுன்னு புலம்புறோமே, அதுக்குப் பல காரணத்துல இது ஒரு முக்கியமான காரணம்.

1969 ஜூலை 19 அன்னைக்கு 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆனதுக்குப் பின்னாடி இருந்த கேள்வியும் இதுதான்: கடன் யாருக்குப் போகணும்னு யார் தீர்மானிப்பது? அதன் தொடர்ச்சியாத்தான் இன்னைக்கும் பெரிய வணிக வங்கிகள் தங்களோட மொத்தக் கடன்ல 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதுக்குள்ள 18 சதவீதத்தை விவசாயத்துக்கும் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி வெச்சிருக்கு. காகிதத்துல நல்லா இருக்கு. ஆனா நகையை அடகு வெச்சு வாங்குற விவசாய நகைக்கடனும் இந்தக் கணக்குல வந்துடும். அந்தப் பணம் உண்மையிலேயே வயலுக்குப் போச்சா, கல்யாணச் செலவுக்குப் போச்சா, பழைய கடனுக்கு வட்டி கட்டப் போச்சான்னு யார் பார்க்கிறாங்க? இதை மேடையில கேட்கிற ஆள் நம்ம கட்சியில வேணும். அதுக்கு முதல்ல படிக்கணும்.

படிக்க லட்சக்கணக்குல கட்டணம் கட்ட வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்த பெர்ரி மெர்லிங் என்ற பேராசிரியர், பணமும் வங்கியும் எப்படி இயங்குதுன்னு ஒரு முழுப் பருவத்துக்கான பாடத்தை இணையத்துல இலவசமாப் போட்டிருக்கார். கரும்பலகையில ரெண்டு பக்கமும் கோடு போட்டு, இவருக்குச் சொத்து அவருக்குக் கடன்னு எழுதி எழுதிக் காட்டுவார். முதல் ரெண்டு மூணு வகுப்பு தலை சுத்தும். விட்டுடாதீங்க. நம்ம மளிகைக்கடை அண்ணாச்சியோட பற்று வரவு நோட்டைப் பார்த்துப் பழகினவங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இங்கேயே, ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்துற என்.பி.டி.இ.எல். தளத்துல பொருளாதாரப் பாடங்கள் இருக்கு. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு.

நீடித்து நிலைக்கிற பொருளாதாரம் பத்தித் தெரியணும்னா கேட் ராவொர்த் பேசுறதைக் கேளுங்க. நடுவுல ஓட்டை இருக்கிற உளுந்து வடை மாதிரி ஒரு படம் வரைவாங்க. (அவங்க ஊர்ல அது டோனட்.) உள்வட்டத்துக்குள்ள விழுந்தா சோறு, தண்ணி, படிப்பு இல்லாத மனுஷங்க. வெளிவட்டத்தைத் தாண்டினா பூமி தாங்காது. ரெண்டுக்கும் நடுவுல வாழணும். மொத்த உற்பத்தி எத்தனை சதவீதம் வளர்ந்துச்சுங்கிற ஒத்தை எண்ணை மட்டும் பிடிச்சுத் தொங்காதீங்கன்னு சொல்றாங்க.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் நாம கேட்கணுமான்னு சில தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன்னா இதை எழுதி வெச்சவர் நம்ம தஞ்சாவூர்க்காரர்.

ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூர்ல பிறந்தவர். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சு, பிறகு அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொதுநிதி படிச்சார். பிரிட்டிஷ் அரசு வாங்குற வரிக்கும் இந்தியாவோட வறுமைக்கும் என்ன தொடர்புன்னு அங்கேயே ஆய்வு எழுதினார். அதை காந்தி தன்னோட யங் இந்தியா இதழ்ல தொடராப் போட்டார். குஜராத்ல மாதர் தாலுகாவுல ஊர் ஊராப் போய்க் கணக்கெடுத்து மக்களோட வரவு செலவை எழுதினார். கோட்டு சூட்டுப் போட்ட ஆடிட்டர், கதருக்கு மாறி, கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். கடைசிக் காலத்துல மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில இருந்தார். 1960 ஜனவரி 30 அன்னைக்கு மதுரையில காலமானார்.

1945-இல் ஜபல்பூர் சிறையில இருந்தபடி 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். இயற்கையில ரெண்டு வகை வளம் இருக்குன்னு பிரிச்சுக் காட்டினார். ஒண்ணு நிலக்கரி, பெட்ரோல் மாதிரி தேங்கிக் கிடக்கிறது. எடுக்க எடுக்கத் தீரும், தீரத் தீரச் சண்டை வரும். இன்னொண்ணு காடு, ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கிறது. வர்ற அளவுக்குள்ள எடுத்தா தீராது. பருவநிலை மாற்றம்ங்கிற சொல்லே மக்கள் பேச்சுல இல்லாத காலத்துல இதைச் சொல்லியிருக்கார். நெல்லு விளைஞ்ச வயலைத் தென்னந்தோப்பாக்கி, அந்த எண்ணெயைச் சோப்பு ஆலைக்கு அனுப்புற பொருளாதாரத்தையும் கடுமையா விமர்சிச்சார். பணத்தால மட்டும் அளந்தா அது லாபம். சோத்தால அளந்தா நஷ்டம். பணம் எதுக்குப் பிறக்குதுன்னு மேல நாம கேட்ட கேள்வியோட இதைச் சேர்த்து வெச்சுப் பாருங்க.

'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' எழுதி உலகப் புகழ் பெற்ற இ.எஃப். ஷூமாக்கர், பௌத்தப் பொருளாதாரம் பத்தின தன்னோட கட்டுரையில குமரப்பாவை எடுத்துக் காட்டியிருக்கார். அந்த ஷூமாக்கர் பேர்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரு மையம் இருக்கு. 1981-லிருந்து பொது உரைகள் நடத்துறாங்க, இணையத்துலயும் போட்டு வெச்சிருக்காங்க. பேச்சோட நிக்கல. 2006-இல் தங்களோட பெர்க்ஷயர் பகுதிக்குன்னே ஒரு உள்ளூர்ப் பணம் வெளியிட்டாங்க. உள்ளூர் வங்கிக் கிளையில டாலரைக் கொடுத்து அதை மாத்திக்கலாம், அந்தப் பகுதிக் கடைகள்ல மட்டும் செல்லும். அதுல ஒரு நோட்டுல கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய டபிள்யூ.இ.பி. டு போயிஸ் படம் இருக்கு. அவர் அந்தப் பகுதியில பிறந்தவர். சம்பாதிச்ச காசு ஊரை விட்டு உடனே ஓடிப் போகாம நாலு கை மாறட்டும்னு நினைச்சுச் செஞ்சது.

இந்த யோசனைக்கு மூத்தது ஆஸ்திரியாவுல இருக்கு. 1932, உலகம் முழுக்கப் பொருளாதார வீழ்ச்சி. வோர்க்ல் என்ற சின்ன ஊர். வேலை இல்லை, நகராட்சி கஜானா காலி. மேயர் மிக்கேல் உன்டர்குகன்பெர்கர் நகராட்சி பேர்லயே சீட்டு அடிச்சு, ரோடு போட்டவங்களுக்கு அதுல கூலி கொடுத்தார். ஒவ்வொரு மாசமும் சீட்டு மதிப்புல 1 சதவீதத்துக்கு வில்லை வாங்கி ஒட்டினாதான் செல்லும். அதனால யாரும் பெட்டியில பூட்டி வைக்கல, சட்டுனு செலவு பண்ணாங்க. ஊர்ல வேலை நடந்துச்சு. மத்த ஊர்களும் ஆர்வம் காட்ட ஆரம்பிச்சதும் ஆஸ்திரிய மத்திய வங்கி தலையிட்டு, 1933-இல் அதை நிறுத்த வெச்சது. மேயர் செஞ்சது சரியா, மத்திய வங்கி செஞ்சது சரியான்னு நம்ம கிளைக் கூட்டத்துல ஒரு விவாதமே வைக்கலாம்.

சுவிட்சர்லாந்துல இதையே நாடு முழுக்க மக்கள்கிட்ட கேட்டாங்க. வங்கிகள் கடன் கொடுத்துப் பணம் உருவாக்கக் கூடாது, மத்திய வங்கி மட்டும்தான் உருவாக்கணும்னு ஒரு குழு லட்சத்துக்கும் மேல கையெழுத்து வாங்கிப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தது. 2018 ஜூன் 10 அன்னைக்கு வாக்கெடுப்பு. 75.7 சதவீதம் பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க மத்திய வங்கியே அந்த அதிகாரம் தனக்கு வேண்டாம்னு எதிர்ப்பு தெரிவிச்சது. தோத்தாலும் அதை ஒரு தோல்வியா நான் பார்க்கல. பணம் எங்கே பிறக்குதுங்கிறதைப் பத்தி ஒரு நாடே மாசக்கணக்குல பேசியிருக்கு. நாம பேசியிருக்கோமா? 2016 நவம்பர் 8 ராத்திரி புழக்கத்துல இருந்த நோட்டுகளோட மதிப்புல 86 சதவீதம் செல்லாதுன்னு அறிவிச்சப்போகூட நாம வரிசையில நின்னோம், சபிச்சோம், மீம்ஸ் போட்டோம். 99 சதவீதத்துக்கும் மேல நோட்டு திரும்பி வங்கிக்கே வந்துடுச்சு. "பணம்னா நோட்டு மட்டும்தானா?"ங்கிற கேள்வியை அன்னைக்கு எத்தனை மேடையில கேட்டோம்?

இப்போ ஒரு எச்சரிக்கை. இந்த உரைகளைக் கேட்கிறவங்க ரெண்டு குழியில விழுவாங்க.

முதல் குழி, பாதி கேட்டுட்டு எழுந்து போறது. "சொந்தப் பணம் அச்சடிக்கிற நாட்டுக்குப் பற்றாக்குறை ஒரு பிரச்சினையே இல்லையாம், அடிச்சுக் கொடுத்துடலாமாம்"னு சிலர் கிளம்பிடுவாங்க. அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டெஃபனி கெல்டன் மாதிரியானவங்க பேசுறதுல முதல் பாதி அது. ரெண்டாம் பாதியில ஒரு வரம்பு சொல்வாங்க: நாட்டுல ஆளும் பொருளும் இருக்கிற அளவுக்குத்தான் அது செல்லும், மீறினா விலைவாசி ஏறும். டாலர் நம்மால அடிக்க முடியாதுங்கிறதை அதோட சேர்த்துக்கணும்.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 2019 கடைசியில வரியைக் கடுமையாக் குறைச்சாங்க. வருமானம் விழுந்துச்சு. கொரோனாவுல சுற்றுலா படுத்துச்சு. அரசாங்கச் செலவுக்கு மத்திய வங்கி பணம் உருவாக்கிக் கொடுத்துச்சு. ரூபாயை எவ்வளவு வேணும்னாலும் உருவாக்கலாம், ஆனா பெட்ரோலும் மருந்தும் பால் மாவும் டாலர்லதான் வரும். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியலைன்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல கொழும்புல விலைவாசி முந்தின வருஷத்தை விட 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்துலயும் மலையகத்துலயும் நம்ம மக்கள் பட்ட பாட்டை நாம பார்த்தோம். குழந்தைகளைத் தூக்கிக்கிட்டுப் படகு ஏறித் தனுஷ்கோடிக்கு வந்தவங்களும் உண்டு.

அதே இலங்கையில நீடித்த வேளாண்மைங்கிற பேர்லயும் ஒரு கொடுமை நடந்துச்சு. 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை. இயற்கை விவசாயம் நல்ல விஷயம். நாமளும் அதைப் பேசுறோம். ஆனா மண்ணைத் தயார் பண்ணாம, மாற்று உரம் கையில இல்லாம, விவசாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்காம, ஒரு உத்தரவுல நாட்டையே மாத்த முடியுமா? நெல்லும் தேயிலையும் அடி வாங்குச்சு. அந்த வருஷ நவம்பருக்குள்ள தடையைத் திரும்பப் பெற்றாங்க. அதுக்குள்ள விவசாயி கடனாளி. நல்ல கொள்கையை நாலு உரையில கேட்டுட்டு, நடைமுறை தெரியாம ஆட்சிக்கு வர்றவங்களால என்ன ஆகும்னு இதுல இருக்கு.

ரெண்டாவது குழி இன்னும் மோசம். "உலகத்தையே நாலு குடும்பம் ஆளுது, எல்லா மத்திய வங்கியும் ரோத்ஸ்சைல்டு கையில"ன்னு வர்ற வீடியோக்கள். பணச் சீர்திருத்தம்னு தேடினாலே அடுத்தடுத்து இதுதான் வந்து நிக்கும். ஐரோப்பாவுல யூதர்கள் மேல வெறுப்பை வளர்க்க இந்தக் கதையைத்தான் சொன்னாங்க, அது எங்கே போய் முடிஞ்சதுன்னு உலகத்துக்கே தெரியும். ஒரு இனத்தைக் கை காட்டிப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறவனை நம்பாதீங்க. "தங்கம் மட்டும் வாங்கிப் போடுங்க, ரூபாய் காலி"ன்னு பயமுறுத்துறவங்களும் கிட்டத்தட்ட அதே கூட்டம்தான். நல்ல உரைக்கு ஒரு அடையாளம் சொல்றேன்: பேசுறவர் தன்னோட கருத்துக்கு எதிரா என்ன சொல்றாங்கன்னும் சொல்வார்.

மொழிதான் பெரிய தடை. நான் மேல சொன்னதுல பாதிக்கு மேல இங்கிலீஷ்ல இருக்கு. நம்ம கட்சியில கல்லூரிப் பேராசிரியர்கள் இருக்காங்க, வங்கி வேலையில இருந்து ஓய்வு பெற்றவங்க இருக்காங்க, பொருளாதாரம் படிக்கிற தம்பி தங்கைகள் இருக்காங்க. ஒரு உரையை எடுத்து, பத்து நிமிஷத் தமிழ்ப் பேச்சா மாத்திப் போடுங்க. எடிட்டிங் பிரமாதமா இருக்கணும்னு இல்லை. நூறு நாள் வேலைக்குப் போற அக்காவுக்குப் புரியுதான்னு மட்டும் பாருங்க. அவங்களுக்கு வாரக் கணக்குல வட்டி கட்டத் தெரியும். அந்தக் கணக்கு நம்மள்ல பலருக்கும் தெரியாது.

அப்புறம் ஒரு வேலை. ஒவ்வொரு வருஷமும் நபார்டு வங்கி உங்க மாவட்டத்துக்குன்னு வளம் சார்ந்த கடன் திட்ட அறிக்கை வெளியிடும். கலெக்டர் வெளியிடுற போட்டோ பேப்பர்ல வரும், நாம பக்கத்தைத் திருப்பிடுவோம். அதை வெச்சு மாவட்டத்தோட முன்னோடி வங்கி ஆண்டுக் கடன் திட்டம் போடும். பாசனத்துக்கு எவ்வளவு, சிறு தொழிலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவுன்னு இலக்கு இருக்கும். வருஷக் கடைசியில எவ்வளவு கொடுத்தாங்கங்கிற கணக்கும் இருக்கும். உங்க மாவட்டத்து அறிக்கையை வாங்குங்க. கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. பாசனத்துக்கும் பட்டறைக்கும் வெச்ச இலக்குல எவ்வளவு போய்ச் சேர்ந்துச்சுன்னு பார்த்து, மாவட்டப் பேரோட கீழ கமெண்ட்ல எழுதுங்க. தமிழ்ல உரையை மாத்தித் தர முடியும்னு நினைக்கிற தோழர்களும் அங்கேயே சொல்லுங்க.